யோனாவுக்கான பாக்கி

நூற்று எண்பது லிரா. நாகூம் ஜெப ஆலயத்துக்குக் கொடுக்க வேண்டியது அவ்வளவு. வருஷங்கள் போயும் அதில் ஒரு லிராகூடக் குறையவில்லை என்று நினைத்துக்கொண்டே காத்தூன் துணியை நனைத்துப் பிழிந்து அப்பாவின் உதட்டில் வைத்தாள். உதடு துணியைச் சப்பியது. நேற்றுவரை கரண்டியில் குடித்த மனிதர். காலையில் வந்த டாக்டர் பையைத் திறக்காமலேயே போய்விட்டார்.

வாசலில் இருமல் கேட்டது. ஜெப ஆலயத்தின் பொறுப்பாளர் ஷாபோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவில் சாய்ந்திருந்தார்.

"மூச்சு வாங்குது காத்தூன். உங்கப்பன் கடனைவிட இந்தப் படிக்கட்டு பெரிசா இருக்கு."

"உக்காருங்க மாமா. இன்னிக்குக்கூடவா கேக்க வந்தீங்க?"

"கேக்க வரல, பாக்க வந்தேன்." கட்டிலைப் பார்த்தார். குரலைத் தணித்தார். "கேக்காமலும் இருக்க முடியல. மளிகைக்கடை பாக்கின்னா நான் வாயே திறக்க மாட்டேன். இது மேல இருக்கறவர் முன்னாடி சொன்ன வாக்கு. அங்க போய் நின்னதும் முதல்ல கூப்பிடற வழக்கு இதுதான். உனக்குத் தெரியாதா?"

காத்தூனுக்குத் தெரியும். அந்தப் பேட்டையில் எல்லோருக்கும் தெரியும். பாவநிவிர்த்தி நாளன்று பிற்பகலில், பட்டினி வயிற்றோடு எல்லோரும் கிறங்கிக் கிடக்கும் நேரத்தில், யோனா தீர்க்கதரிசியின் கதையை வாசிக்கும் உரிமையை ஏலம் விடுவார்கள். அன்று யாரும் காசைத் தொட மாட்டார்கள். வாயால் சொல்வதுதான், பண்டிகை முடிந்த பிறகு கட்டுவது. அந்த வாசிப்பை எடுத்தவனுடைய மனந்திரும்புதல் மேலே போய்ச் சேரும் என்று நம்பிக்கை. அதனால் கடைக்காரர்கள்தான் கேட்பார்கள். கல் சுமக்கிற நாகூம் ஒருநாளும் வாயைத் திறந்ததில்லை. அந்த வருஷம் முன்வரிசையில் இருந்த கிழவர் மனாசே முப்பது என்றார். பின்வரிசைத் தூணுக்கு அடியிலிருந்து நாகூம் நாற்பது என்றார். மனாசே ஏற்ற ஏற்ற அவரும் ஏற்றினார். நூற்று எண்பதில் மனாசே தலையைக் குனிந்துகொண்டார். பெண்கள் பகுதியின் திரைக்குப் பின்னால் காத்தூனுக்குத் தலை சுற்றியது பட்டினியால் அல்ல.

நாகூமுக்கு எழுத்துத் தெரியாது. வாசிக்கிறவர் அவருக்காக வாசித்தார். இவர் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். மறுநாள் ஷாபோ காசுக்கு வந்தபோது "சரக்கு குறையுது" என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்தால் காது கேட்காதவர்போல இருப்பார். ஆத்திரத்தில் ஏற்றிவிட்டுத் தொகையை நினைத்துப் பயந்துவிட்டார் என்றுதான் காத்தூனும் நினைத்தாள். பள்ளிக்கூடத்தில் தரை கழுவுகிற கூலியில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, முழுத் தொகையையும் ஒரு கைக்குட்டையில் முடிந்து மாவு டப்பாவுக்குள் வைத்திருந்தாள். அப்பா அதைக் கண்டுபிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான் சொல்லாமல் நீ கொடுக்கக் கூடாது.

இன்றைக்குச் சொல்லவில்லை என்றால் இனி எப்போது சொல்லப் போகிறார்?

"யாரு, ஷாபோவா?" கட்டிலிலிருந்து குரல் வந்தது. மெலிந்த குரல்தான், ஆனால் அதில் பழைய கடுகடுப்பு இருந்தது. "அரைகுறை யோனாவுக்குக் காசு வாங்க வந்தியா?"

ஷாபோ எழுந்து கட்டிலருகே போனார். "என்னண்ணே குறைச்சல்? ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் வாசிச்சோமே."

"முடிவை எங்கடா வாசிச்சீங்க?" நாகூம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். "நிழல் குடுத்த ஆமணக்குச் செடி காஞ்சு போச்சு. வெயில் தாங்காம யோனா செத்துடறேங்கறான். மேல இருக்கறவர் கேக்கறார், நீ நடாத செடிக்கே இப்படி அழறியே, வலது கை எது இடது கை எதுன்னு தெரியாத ஜனம் இத்தனை இருக்கு, ஆடு மாடு இருக்கு, அந்த நினிவே ஊருக்காக நான் மனசு இரங்கக் கூடாதான்னு. நல்ல கேள்வி. ஒத்துக்கறேன். அதுக்கு யோனா என்ன சொன்னான்?"

ஷாபோ தொப்பியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"பாத்தியா? அங்க வந்ததும் உங்க ஆளு தடக்குனு வேற தீர்க்கதரிசிக்குத் தாவிட்டான். பாவத்தையெல்லாம் கடல்ல போடுவார்னு பாட ஆரம்பிச்சுட்டான். எழுத்துத் தெரியாதவன்தானேன்னு பாத்தீங்க. அறுத்து ஒட்டின இடம் காதுக்குத் தெரியும்டா."

"அண்ணே, அது மீகா. வழக்கமாச் சேர்த்து வாசிக்கறது. யோனா அங்கயே முடிஞ்சு போச்சு."

"முடிஞ்சு போச்சா! கேள்வியிலயா முடியும்? பாதித் தெப்பத்தைக் கரைசேர்த்துட்டு முழுக் கூலி கேட்டா எவன் குடுப்பான்?"

ஷாபோவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாகக் கிடக்கிறவர் முன்னால் சிரித்துவிட்டோமே என்று தொப்பியால் வாயை மூடிக்கொண்டார். "இவ்வளவு நாளா இதுதான் வழக்கா? முதல்லயே கேட்டிருந்தா புஸ்தகத்தையே தூக்கிட்டு வந்து காட்டியிருப்பேனே."

"நீ காட்டுவே. எனக்கென்ன தெரியும் அதுல என்ன இருக்குன்னு?"

ஷாபோ தலையை ஆட்டிக்கொண்டே கிளம்பினார். போகும்போது கதவருகே நின்று காத்தூனிடம் மெல்லச் சொன்னார். "கீழ மனாசே உக்காந்திருக்கான். காலையிலேர்ந்து இருக்கானாம். மண்டையைப் பொளக்கிற வெயில்."

அதுவும் அவளுக்குத் தெரியும். பாவநிவிர்த்தி நாளுக்கு முந்தைய எலூல் மாதம் பிறந்தால் மனாசே வருவார். கீழ்ப்படியில், சாக்கடை ஓரத்தில் தானாக முளைத்த ஆமணக்குக்குப் பக்கத்தில் உட்காருவார். மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த மனிதன் வாய் திறந்து மன்னித்தால்தான் பாவநிவிர்த்தி நாளில் அது அழியும் என்பதால் வருவார். "தூங்கறேன்னு சொல்லு" என்பார் அப்பா. காத்தூன் இறங்கிப் போய்ச் சொல்வாள். மனாசே தலையாட்டிவிட்டு, பிறகும் சற்று நேரம் உட்கார்ந்திருந்து போவார்.

இராக்கில் ஸாக்கோ ஊரில் இருந்தபோது மனாசே மர வியாபாரி. மோசூலில் அவருக்குக் கிடங்கு இருந்தது. நாகூமும் தம்பி எலியாவும் மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றோடு மோசூலுக்கு ஓட்டிப் போவார்கள். பனி உருகி ஆறு புரண்டு வந்த சமயத்தில் மனாசே இப்போதே கிளம்புங்கள், விலை ஏறியிருக்கிறது, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன் என்றார். தெப்பம் வளைவில் பாறையில் மோதிப் பிரிந்தது. எலியா கிடைக்கவில்லை. துக்கம் முடிவதற்கு முன்பே மனாசேயின் ஆள் வந்தான். ஆற்றோடு போன மரங்களின் விலையை நாகூமின் கூலியில் பிடித்துக்கொள்வதாகச் சொல்லிப் போனான். பிறகு எல்லோருமே எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஜெருசலேம் வந்தார்கள். கிடங்கு அங்கேயே நின்றுவிட்டது. மனாசே மனைவியை இழந்து, பார்வை மங்கி, அடுத்த தெருவில் ஒற்றை அறையில் இருந்தார். இதெல்லாம் காத்தூன் அம்மாவிடம் கேட்டது. அப்பா இதைப் பற்றிப் பேசி அவள் கேட்டதில்லை.

"காத்தூன்."

"என்னப்பா?"

"நீதான் படிச்சிருக்கியே. எடுத்துப் பாரு."

மூன்று வருஷங்களுக்கு முன்பு ராணுவ உடுப்புப் போட்ட ஒரு பெண் பேட்டைக்கு வந்து, வேலை முடித்து வரும் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தாள். முடித்தவர்களுக்கு ஆளுக்கொரு வேதப் புத்தகம் தந்தார்கள். காத்தூனின் புத்தகம் சர்க்கரை டப்பாவுக்குப் பக்கத்தில் துணி சுற்றியிருந்தது. கை ஈரத்தைப் பாவாடையில் துடைத்துவிட்டு அதை எடுத்து வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

எழுத்து அவளுக்கு இன்னும் மூட்டை தூக்குகிற மாதிரிதான். ஒவ்வொன்றாக எடுத்து வைக்க வேண்டும். புரட்டியபோது முதலில் கண்ணில் பட்டது அப்பாவின் பெயர்.

"அப்பா, உங்க பேர் வந்துடுச்சு. நாகூம்."

"அந்தத் தீர்க்கதரிசி கல்லறையில வேண்டிக்கிட்டுத்தான் எங்கம்மா என்னைப் பெத்தா." மூடிய கண்ணோடு சொன்னார். "வருஷா வருஷம் அது இருக்கற அல்கோஷ் ஊருக்குப் போவோம். அவர் சொன்னதைக் கல்லறைப் பக்கத்துலயே நின்னு வாசிப்பாங்க. அங்கேர்ந்து பாத்தா நினிவே சமவெளி தெரியும். ரத்தப்பழி ஊருக்கு ஐயோங்கும்போது கிழவனுங்கெல்லாம் அந்தப் பக்கம் திரும்பிக் கையை நீட்டுவானுங்க. நல்லா இருக்கும்."

காத்தூன் விரலை வைத்து எழுத்துக் கூட்டினாள். தேர்களின் சத்தம், குவிந்த பிணங்கள், ஊரைப் பற்றிக் கேள்விப்படுகிறவர்கள் எல்லாம் கை தட்டுவார்கள். முன்பக்கமாகச் சில தாள்கள் புரட்டினால் யோனா. நடுவில் மீகா மட்டும்தான் இருந்தார்.

"ரெண்டும் ஒரே ஊரா அப்பா?"

"ஒரே ஊருதான். அதான் எனக்கும் புரியல. ஒருத்தனை அனுப்பி அழிப்பேங்கறார், அப்புறம் விட்டுட்டேங்கறார். இன்னொருத்தனை அனுப்பி நிஜமாவே அழிக்கறார். எது தீர்ப்பு? நம்ம குரு ஹக்காமைக் கேட்டேன். யோனா காலத்துல திருந்தினாங்க, பேரன்மாருங்க மறுபடி கெட்டுப்போனாங்க, அப்புறம்தான் நாகூம் வந்தார்னார்."

"சரியாத்தானே சொல்லியிருக்கார்."

"சரிதான். ஆனா வாசல்ல நிக்கறவன் எந்த நினிவேன்னு நமக்கு எப்படித் தெரியும்?"

அவள் அதற்குள் யோனாவின் கடைசிப் பகுதியைப் பிடித்துவிட்டாள். செடி, புழு, வெயில், சூடான காற்று. சத்தமாக வாசித்தாள். தப்பாக உச்சரித்த இடத்தில் அப்பா கேட்டுக் கேட்டுப் பழகிய காதால் திருத்தினார். கேள்வி வந்தது. ஊர், ஜனம், ஆடு மாடு. அதற்குக் கீழே வெறும் தாள். அதற்கப்புறம் பெரிய எழுத்தில் மீகா.

தாளைத் திருப்பிப் பார்த்தாள். மறுபடி இந்தப் பக்கம் வந்தாள். தையலில் ஏதாவது தாள் போயிருக்கிறதா என்று நடுவில் விரலை விட்டுத் தடவினாள்.

"இல்லப்பா. எழுதல."

"கிழிஞ்சிருக்கா?"

"கிழியல. அவ்வளவுதான். அவர் கேக்கறார். யோனா ஒண்ணும் சொல்லல."

நாகூம் கண்ணைத் திறந்தார்.  கூரையில் மழைக்காலத்துக் கறை ஒன்று இருந்தது. எதிர்த்த வீட்டு வானொலியில் ஒருவன் பாடி முடித்து இன்னொருத்தி ஆரம்பித்தாள்.

"அப்போ அவன் அங்கயே உக்காந்திருக்கான்," என்றார்.

"ஆமா."

"பாவம், வெயில்ல."

பிறகு அவர் தூங்கிவிட்டார் என்று காத்தூன் நினைத்தாள். புத்தகத்தைத் துணியில் சுற்றப் போனபோது கை அசைந்தது.

"மனாசே கீழ இருக்கானா இன்னும்?"

காத்தூன் எழுந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தாள். வெள்ளைத் தலையும் அதன் மேல் மடித்துப் போட்ட செய்தித்தாளும் தெரிந்தன. ஆமணக்கின் நிழல் எப்போதோ நகர்ந்து சாக்கடைக்குப் போயிருந்தது.

"இருக்கார்."

"வெயிலா இருக்கா அங்க?"

"நல்ல வெயில்ப்பா."

"உள்ள கூப்பிடாத." மூச்சு விட்டு விட்டு வந்தது. "படிக்கட்டுக்குள்ள வந்து நிழல்ல உக்காரச் சொல்லு."

அவள் ஜன்னலில் இருந்தபடியே சொன்னாள். செய்தித்தாள் அசைந்தது. மனாசே தலையைத் தூக்கி, குரல் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தேடினார். பிறகு சுவரைத் தடவிக்கொண்டு படிக்கட்டின் இருட்டுக்குள் நுழைந்தார்.

அவள் திரும்பி வந்து அப்பாவின் காதருகே குனிந்தாள். "அப்பா, முழுசாத்தான் வாசிச்சிருக்காங்க. சரக்கு குறையல. அந்தக் காசை நான் குடுத்துடட்டுமா?"

நாகூமின் உதடு அசைந்தது. அவள் காதை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். ஒன்றும் கேட்கவில்லை. மூச்சு வந்தது, நின்றது, மறுபடி வந்தது. அவள் கேள்வியைத் திருப்பிக் கேட்டாள். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டு, சாகும்போது சொல்ல வேண்டிய கேள் இஸ்ரவேலே என்கிற வார்த்தைகளை அவருக்காக அவளே சொன்னாள். கடைசி வார்த்தையை நீட்டிச் சொல்லி முடித்தபோது கையில் பிடித்திருந்த கை கனத்தது.

ஜன்னல்களை அகலத் திறந்தாள். கண்ணாடியைத் திருப்பி வைத்தாள். சாவு விழுந்த வீட்டில் தண்ணீர் தங்கக் கூடாது. குடம், வாளி, கெட்டில் என்று ஒவ்வொன்றாக எடுத்துக் கதவுக்கு வெளியே கொட்டினாள். தினமும் தண்ணீர் கொட்டிப் பிழைக்கிற கை, அது பாட்டுக்குச் செய்தது. எதிர்வீட்டுக்காரி கதவைத் திறந்தாள், பார்த்தாள், உள்ளே போய்த் தன் வாளியையும் தூக்கி வந்தாள். மாடியிலும் கொட்டுகிற சத்தம் கேட்டது. தண்ணீர் படிப்படியாக இறங்கிப் போனது. கீழே மனாசே எழுந்து நிற்கிற சத்தம் மட்டும் கேட்டது.

ஜெருசலேமில் பிணத்தை இரவு தங்க வைப்பதில்லை. ஷாபோ ஆட்களோடு வந்து, குளிப்பாட்டுகிறவர்களை உள்ளே அனுப்பிவிட்டுப் படிக்கட்டில் நின்றார். காத்தூன் மாவு டப்பாவோடு வெளியே வந்தாள். கைக்குட்டை முடிச்சை உதறி மாவு போக்கினாள்.

அவள் நீட்டுவதற்குள் கீழ்ப்படியிலிருந்து மனாசே ஏறி வந்தார். கால்சட்டையின் நுனி நனைந்திருந்தது.

"ஷாபோ, அந்தக் காசை நான் தரேன். அந்த வாசிப்பை நான்தானே கேட்டேன். அவன் கட்டல, அப்போ அது எனக்கு வர வேண்டியது."

ஷாபோ இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சட்டப்படி பாத்தா..." என்று இழுத்தார்.

"வேண்டாம்," என்றாள் காத்தூன். "யோனாவை வாங்கினது எங்கப்பா. அவர்தான் காசு குடுக்கறார்."

"நீ குடுக்க அவன் சம்மதிச்சானா?" என்றார் ஷாபோ.

"கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

அவள் முடிச்சை அவர் கையில் வைத்தாள். "எண்ணிப் பாருங்க மாமா."

ஷாபோ எண்ணவில்லை. சட்டைக்குள் வைத்துப் பொத்தானைப் போட்டார். கையில் ஒட்டிய மாவைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

மனாசே மட்டும் நின்றார். மங்கிய கண்களால் அவள் முகம் இருக்கிற திசையைப் பார்த்தார். "என்னைப் பத்தி ஏதாவது சொன்னானாம்மா? கடைசியில?"

ஒரு பொய் சொன்னால் போதும், கிழவர் நிம்மதியாக வீட்டுக்குப் போவார். அந்தப் பொய் நாக்கு நுனிவரை வந்தது. அப்பா கொடுக்காததை யாருடைய கிடங்கிலிருந்து எடுத்துக் கொடுப்பது?

"வெயிலா இருக்கான்னு கேட்டார்," என்றாள்.

மனாசே காத்திருந்தார்.  சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, "வெயிலாத்தான் இருந்தது," என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் பெண்கள் மதிலோரம் நின்றார்கள். ஒரு முதியவள் துக்க வழக்கப்படி காத்தூனின் சட்டைக் கழுத்துப் பட்டியில் கத்தியால் சிறிதாக வெட்டினாள். காத்தூன் மீதியைக் கிழித்துக்கொண்டே மெய்யான நீதிபதிக்கு ஸ்தோத்திரம் என்றாள். இத்தனை சாவுகளில் சொன்ன வார்த்தைதான். இன்றைக்குத்தான் அதில் நீதிபதி இருப்பதைக் கவனித்தாள். ஆண்கள் அவர் செய்கை குறையில்லாதது, அவர் வழியெல்லாம் நியாயம் என்று சேர்ந்து சொன்னார்கள். அப்பா ஒவ்வொரு சாவிலும் இந்த இடம் வரும்போது மூக்கைச் சிந்துவார். அதுவும் நினைவு வந்தது.

துணி சுற்றிய உடல் மெலிதாக இருந்தது. குழிக்குள் இறக்குவதற்கு முன் ஒருவர் உரக்கக் கேட்டார். "நாகூம் யாருக்காவது ஏதாவது பாக்கி வெச்சிருந்தா இப்ப சொல்லுங்க."

எல்லோரும் ஷாபோவைத் திரும்பிப் பார்த்தார்கள். ஷாபோ சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"ஜெப ஆலயத்துக்கு ஒண்ணும் பாக்கி இல்ல. கணக்குத் தீந்துடுச்சு."

நாகூமுக்கு யார் பாக்கி என்று அவர்கள் கேட்கவில்லை. அதைக் கேட்கிற வழக்கம் இல்லை. கூட்டத்தின் பின்னால் ஒரு வெள்ளைத் தலை குனிந்திருந்ததைக் காத்தூன் மதிலோரத்திலிருந்தே பார்த்தாள். மண் விழுகிற சத்தம் தொடங்கியது.

திரும்பும் வழியில் வாசலருகே குழாய். கல்லறையிலிருந்து வருகிறவர்கள் கை கழுவாமல் போகக் கூடாது. செம்பைக் கைக்குக் கை கொடுக்கவும் கூடாது; கழுவியவர் கீழே வைக்க வேண்டும், அடுத்தவர் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும். காத்தூன் இரண்டு கையிலும் மாற்றி மாற்றி ஊற்றிக்கொண்டாள். முழங்கைவரை மாவு இருந்தது இப்போதுதான் தெரிந்தது. அதையும் கழுவினாள்.

செம்பைக் கவிழ்த்து வைக்கப் போனவள் பின்னால் தடுமாறும் செருப்புச் சத்தத்தைக் கேட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை. குழாயைத் திறந்து செம்பை விளிம்புவரை நிரப்பி, கல்லின் மேல் சத்தம் கேட்கும்படி வைத்துவிட்டு, ஓரமாக நகர்ந்து நின்றாள்.

ஒரு கை கல்லைத் தடவித் தடவி வந்து செம்பைப் பிடித்தது.